ஒரு நாளில் 43 தூக்கல்கள்: விளையாட்டுப் பழக்கமே இல்லாத பெற்றோர் வீட்டில் உடற்பயிற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கும் குடும்பம் இது. கணவருக்கு 36 வயது. ஜவுளிக் கடையொன்றில் கணக்கர். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை ஆறுக்குத்தான் எழுவார். மனைவிக்கு 31 வயது. வீட்டிலிருந்தபடியே கணினியில் தரவுப் பதிவு வேலை பார்க்கிறார். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை. கணவரின் தாயாரும் உடன் இருக்கிறார். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் என்பதால் பேரனைத் தூக்கிவைத்துக்கொள்ள அவரால் முடியாது. கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரர் இருக்கிறார். இந்தக் கடைசி விவரம் பின்னால் முக்கியமாகிறது.

கணவனும் மனைவியும் எந்த விளையாட்டிலும் இருந்ததில்லை. பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்டால் மகிழ்ந்த ஒரே மாணவன் தான்தான் என்றார் கணவர். மனைவி அந்த நேரத்தை வயிற்றுவலி என்று சொல்லி வேப்பமரத்தடியில் கழித்தவர். இதைச் சோம்பல் என்று குறித்துவைக்க எனக்கு மனமில்லை. ஓட வராத பிள்ளையை எல்லோர் முன்னும் ஓடவிட்டுச் சிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சிரிப்புக்கு ஆளானவர்கள் முப்பது வயதிலும் உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டால் சற்றுச் சுருங்கிப்போகிறார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். கணவர் என்னிடம் வந்தது உடற்பயிற்சிக்காக அல்ல. தூளியிலிருந்து மகனைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்ட வலிக்காக. அவர்களின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் கண்டது

வலி, காலுக்கு இறங்காத சாதாரணத் தசைப்பிடிப்பு. இரண்டு வாரத்தில் தணிந்துவிட்டது. என்னை யோசிக்க வைத்தவை மற்ற அளவுகள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணும் எளிய சோதனை ஒன்று உண்டு. முதியவர்களுக்காக வகுக்கப்பட்டது. அதில் 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14 முறைக்குக் கீழே வந்தாலே சராசரிக்குக் குறைவு என்று கொள்கிறார்கள். 36 வயதுக்காரரான இவர் 11 முறை எழுந்தார். தரையில் உட்கார்ந்து எழும் சோதனையில் மொத்தம் 10 மதிப்பெண். கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண் போய்விடும். அவருக்கு 6. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. அதாவது, நீரிழிவுக்கு முந்தைய நிலையான 5.7 முதல் 6.4 வரையிலான பட்டைக்குள் அவர் இருந்தார்.

மனைவி துணைக்கு வந்தவர். கணவர் தரையிலிருந்து எழத் தடுமாறியதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சட்டென்று சிரிப்பை அடக்கிக் காலை ஒடுக்கி நின்றார். தனியே அழைத்துக் கேட்டபோது, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிறது என்றும், பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னதால் யாரிடமும் காட்டவில்லை என்றும் சொன்னார். அப்படியே விட்டுவிட வேண்டிய விஷயம் அல்ல இது. சிறுநீர்ப்பையைத் தாங்கும் அடியிடுப்புத் தசைக்கான பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் பலருக்குக் குறைகிறது. தொப்புளுக்கு மேலே வயிற்றுத் தசைகளின் நடுவே இரண்டரை விரல் இடைவெளியும் இருந்தது. நாற்காலிச் சோதனையில் அவருக்கு 13, தரைச் சோதனையில் 7. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் அன்று அவரை நான் பரிசோதித்திருக்கவே மாட்டேன்.

முதல் திட்டமும் அதன் கதியும்

எல்லோருக்கும் கொடுப்பதையே கொடுத்தேன். அதிகாலை ஐந்தரைக்கு அரைமணி நேர நடை, மாலையில் படம் போட்ட தாளைப் பார்த்துப் பதினைந்து நிமிடப் பயிற்சி. குழந்தைகளை அந்த நேரத்தில் பாட்டியிடம் விட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன். முழங்கால் தேய்ந்த பாட்டியிடம்.

மூன்று வாரத்தில் கணவர் நான்கு நாள் நடந்திருந்தார், மனைவி இரண்டு நாள். மகன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். பக்கத்தில் அம்மாவின் சூடு விலகியதும் விழித்துவிடுவான். விழித்தால் அழுகை, அழுகைக்கு மகள் எழுவாள், பிறகு நடை எங்கே? மாலையில் ஜமுக்காளத்தை விரித்ததும் இரண்டும் ஓடிவந்து அதில் படுத்துக்கொள்ளும். கணவர் குப்புறப் படுத்தால் முதுகில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ‘எங்களால் ஆகாது டாக்டர், எங்கள் உடம்பு அந்த மாதிரி இல்லை’ என்றார் கணவர். வேப்பமரத்தடிக் காலத்தின் தொடர்ச்சியாகத்தான் எனக்கு அது கேட்டது.

குழந்தைகள் விலகியிருந்தால்தான் நடக்கும் என்று போட்ட திட்டம் அது. அந்த வீட்டில் அவர்கள் விலகியிருக்கும் நேரம் என்று எதுவும் இல்லை. பிழை தாளில்தான் இருந்தது.

நாள்காட்டித் தாளின் பின்புறம்

அடுத்து ஒன்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம். மகனைத் தரையிலிருந்தோ தூளியிலிருந்தோ தூக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். மனைவி, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்புறத்தில், நான்கு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடாகப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் 43. இரண்டாம் நாள் 39.

மகனின் எடை அப்போது பத்தரைக் கிலோ. 43 முறை என்றால் ஏறத்தாழ 450 கிலோ. ஜிம்மில் இதைத் தூக்கியிருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இவர் இதை வீட்டுவேலைக்கு நடுவே, காலை மடக்காமல் முதுகை வளைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு செய்துகொண்டிருந்தார். மூச்சை அடக்கி எடையைத் தூக்கும்போது வயிற்றின் அழுத்தம் கீழ்நோக்கி இறங்கும். ஏற்கெனவே தளர்ந்த அடியிடுப்புத் தசை அதைத் தாங்காது.

ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தும் பார்த்தேன். ஆறே காலிலிருந்து ஏழரை வரை குழந்தைகள் அப்பாவிடம் கேட்டவை: உப்பு மூட்டை தூக்கு, யானையாக இரு, என்னைப் பிடி, மேலே தூக்கு. ‘அப்பாவுக்கு இடுப்பு வலிக்குது’ என்று நான்கில் மூன்றை அவர் தட்டிக்கழித்தார். நான் தாளில் எழுதிக் கொடுத்த பயிற்சிகளைத்தான் அந்தப் பிள்ளைகள் வேறு பெயரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாற்றிய திட்டமும் காரணங்களும்

தூக்குவதைத் திருத்துவதுதான் முதல் வேலை. குழந்தைக்கு மிக அருகில் போய், ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். குழந்தையை நெஞ்சோடு அணைத்த பிறகு, சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். நாள் முழுக்க 43 முறையும் இப்படிச் செய்வது நடக்காத காரியம். முதலில் பத்து முறை போதும் என்று முடிவு செய்தோம். தூளியை உயர்த்திக் கட்டினால் குனிய வேண்டாமே என்று கணவர் கேட்டார். குழந்தை தவறி விழுந்தால் உயரம் அதிகம் என்பதால் வேண்டாம் என்றேன்.

மனைவிக்குத் தனியாக, அடியிடுப்புத் தசையை எட்டு முறை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். இதற்கு இடமும் வேண்டாம், ஜமுக்காளமும் வேண்டாம். மகனுக்குப் பால் கொடுக்க உட்காரும் நேரத்தோடு அதைப் பிணைத்தோம். படுத்த நிலையிலிருந்து நேராக எழும் வயிற்றுப் பயிற்சிகளையும் குதிப்பதையும் அவருக்கு விலக்கினேன். குதிக்கக் கூடாது என்பதற்குக் கீழ்வீட்டுக்காரரும் ஒரு காரணம். மாலை நேரத்தில் தடதடவென்று கேட்டால் படியேறி வந்துவிடுவார். இரண்டு கட்டுப்பாடும் ஒரே திசையில் இருந்தது வசதியாகப் போயிற்று.

மற்றதெல்லாம் இரவு உணவுக்கு முன் இருபத்தைந்து நிமிட விளையாட்டு. நான்கு கால் யானையாக நின்று, மகனை முதுகில் உட்காரவைத்து, மகள் பிடித்துக்கொள்ள மெதுவாக நகர்வது: தோளுக்கும் வயிற்றுக்கும் வேலை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தினால் அது பாலம். மகன் பொம்மைக் காரைக் கீழே ஓட்டிக்கொண்டு போகும்வரை பாலம் இறங்கக் கூடாது. சுவரில் கையூன்றித் தள்ளுவது; நடுவில் மகள் நிற்பாள், ஒவ்வொரு முறையும் அப்பாவின் நெற்றி அவள் நெற்றியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். மகளை உப்பு மூட்டையாகச் சுமந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பது. அவள் எடை 15 கிலோ. கல்லா மண்ணா விளையாட்டில் மாடிப்படியின் கடைசி இரண்டு படிகள் கல், தரை மண்.

கடைசியாகத் தோப்புக்கரணம். எண்ணுவது மகளின் பொறுப்பு. அவளுக்கு அப்போது ஏழு வரைதான் தடுமாற்றமில்லாமல் வரும். ஏழுக்குப் பிறகு பத்து, பத்துக்குப் பிறகு குழப்பம், குழப்பம் வந்தால் ‘முதலிலிருந்து’ என்று ஒன்றுக்குப் போய்விடுவாள். அப்பா காதைப் பிடித்தபடி பாதி உட்கார்ந்த நிலையில் தீர்ப்புக்குக் காத்திருப்பார். பாதியில் நிற்பதுதான் தொடைக்குக் கடினம் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஐந்துக்கு மேல் முடியாது என்றவர் இரண்டாம் வாரத்தில் ஒரே மாலையில் இருபதைத் தாண்டியிருந்தார், கணக்குத் தெரியாமலேயே.

பாய் மொசைக் தரையில் வழுக்குகிறது என்பதால் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடச் சொன்னேன். மின்விசிறிக்குக் கீழே எந்தக் குழந்தையையும் தலைக்கு மேல் தூக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அது அடுத்த பகுதி.

கை நழுவிய நாள்

ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலை. மகனின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துத் தரையிலிருந்து மேலே தூக்கி, ஊஞ்சல்போல் ஓர் ஆட்டு ஆட்டினார் கணவர். மகன் வீறிட்டான். பிறகு இடது கையை உடலோடு ஒட்டி, முழங்கையைச் சற்று மடக்கி வைத்துக்கொண்டு, பிஸ்கட்டை நீட்டினாலும் அந்தக் கையை எடுக்கவில்லை. வீக்கம் இல்லை. சுளுக்கு எடுப்பவரை வரச் சொல்லலாம், எண்ணெய் தடவி இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் பாட்டி. ‘கொஞ்சம் பொறுங்கள் அத்தை’ என்று சொல்லிவிட்டு மனைவி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

தடவ வேண்டாம், இழுக்க வேண்டாம், கையை அப்படியே தாங்கலாக வைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்றேன். ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை, முழங்கை மூட்டில் ஆரை எலும்பின் தலையைச் சுற்றியிருக்கும் நார் வளையம் அவ்வளவு இறுக்கமாக இருக்காது. மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் எலும்பின் தலை அதிலிருந்து சற்று நழுவிவிடும். மருத்துவர் எலும்பு முறிவுக்கான அறிகுறி இல்லை என்று பார்த்துக்கொண்டு, முன்கையைத் திருப்பி மடக்கினார். சில விநாடி வேலை. பத்து நிமிடத்துக்குள் மகன் அதே கையால் பிஸ்கட் வாங்கினான். ஒரு முறை நழுவிய கை மறுபடி நழுவ வாய்ப்பு உண்டு என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

இது என் தவறு. குழந்தையைச் சுமையாக வைத்துப் பயிற்சி சொல்லித்தருகிறவர், அந்தச் சுமையை எங்கே பிடிக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பெரியவர்களின் முதுகைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அக்குளுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கையையோ மணிக்கட்டையோ பிடித்துத் தூக்குவது, ஆட்டுவது, சட்டையை வெடுக்கென்று உருவுவது கூடாது. இதை எழுதி அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டச் செய்தேன். கணவர் அதன்பிறகு ஒன்பது நாள் பிள்ளைகளைத் தொடவே பயந்தார். விளையாட்டு நின்றது. மீண்டும் தொடங்கிவைத்தது மகள். எண்ணுவதற்கு ஆளில்லாமல் அவளுக்குத்தான் பொழுது போகவில்லை.

எட்டாம் வாரத்தில் தெரிந்த இன்னொன்று

எட்டாம் வாரம் அளந்தபோது கணவரின் நாற்காலி எண்ணிக்கை 11லிருந்து 14க்கு வந்திருந்தது. மனைவியுடையது 13லேயே நின்றது. கசிவு மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. விளையாட வரவில்லையா என்று கேட்டேன். ‘அந்த நேரத்தில் தோசை ஊற்றுவது யார்?’ என்றார்.

இரவு உணவுக்கு முந்தைய இருபத்தைந்து நிமிடம் என்று நான் தேர்ந்தெடுத்த நேரம் கணவருக்குத்தான் ஓய்வு நேரம். மனைவிக்கு அடுப்பு நேரம். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது சமையலறைப் பக்கம் நான் திரும்பவே இல்லை. பிள்ளைகளோடு விளையாடுகிற நல்ல அப்பா என்ற பெயர் கணவருக்கு வேறு கிடைத்திருந்தது, அதுவும் மாமியாரிடமிருந்து.

செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலைகளில் கணவர் அடுப்பில், மனைவி ஜமுக்காளத்தில் என்று மாற்றினோம். முதல் வாரம் தோசை கருகியது. மாமியார் முகம் கோணினார். மூன்றாவது வாரத்தில் வீடு பழகிக்கொண்டது. பாலமும் சுவர்த் தள்ளலும் மனைவிக்குப் பொருந்தின. யானை விளையாட்டில், வயிற்றின் நடுவில் புடைப்பு எழுகிறதா என்று பார்த்துக்கொண்டு, முதலில் சுமையின்றி ஆறு வாரம் செய்தார். அதன் பிறகே மகன் முதுகில் ஏறினான்.

மூச்சு வாங்காத பயிற்சி

விளையாட்டின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. இவர்களின் இருபத்தைந்து நிமிடத்தில் பாதிக்கு மேல் சண்டையைத் தீர்ப்பதிலும் காரைத் தேடுவதிலும் போனது. தசைக்கு அது போதும், இதயத்துக்குப் போதாது.

அதனால் பதினோராம் வாரத்தில் மகளின் பள்ளியைப் பிடித்துக்கொண்டோம். முக்கால் கிலோமீட்டர் தூரம். வாரத்தில் நான்கு நாள் ஸ்கூட்டரை விட்டு, கணவர் அவளோடு நடந்து போய், திரும்பும்போது தனியாக வேகமாக நடந்தார். மதியம் அழைத்துவருவது மனைவி. மகன் அந்த நேரம் பாட்டியின் பக்கத்தில் தூளியில் உறங்குவான். பத்து நிமிடத் துண்டுக்கெல்லாம் என்ன பலன் என்று கணவர் கேட்டார். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற நிபந்தனையை அந்த நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நீக்கிவிட்டது. துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் சேர்ந்ததுதான். கணக்கருக்கு அது பிடித்துப்போயிற்று; பழைய பேரேடு ஒன்றில் தேதி போட்டு நிமிடம் எழுதத் தொடங்கினார்.

24ஆம் வாரம்

இடையில் மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை: காய்ச்சல் ஒருவர் மாற்றி ஒருவருக்கு, பிறகு தீபாவளிக்கு ஊர்ப் பயணம். அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கணவரின் நாற்காலி எண்ணிக்கை 17, தரைச் சோதனையில் 8. இடுப்புச் சுற்றளவு இரண்டரைச் சென்டிமீட்டர் குறைந்தது. எடை ஒன்றேகால் கிலோ மட்டும். எச்பிஏ1சி 5.9. இதை வெற்றி என்று எழுத நான் தயங்குகிறேன். அளவீட்டிலேயே இவ்வளவு ஏற்ற இறக்கம் வரலாம். இரவுச் சோற்றையும் அவர் குறைத்திருந்தார். மறுபடி பிடித்துக்கொள்ளாத இடுப்பைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மனைவியின் எண்ணிக்கை 18, கணவரைவிட ஒன்று கூடுதல். தரைச் சோதனையில் 9. நாள்தோறும் இருந்த கசிவு, மாதத்தில் ஓரிரு முறை, அதுவும் பலமாகத் தும்மினால் என்ற அளவுக்கு வந்தது. வயிற்றின் இடைவெளி ஒன்றரை விரல். எடை மட்டும் நூறு கிராம்கூட அசையவில்லை. அதில் அவருக்கு வருத்தம். எடையை அளவுகோலாக வைக்க வேண்டாம் என்று முதல் நாளிலேயே நான் பேசியிருந்தால் அந்த வருத்தம் குறைந்திருக்கும்.

மறுபடி இப்படியொரு குடும்பம் வந்தால்

படம் போட்ட தாளை எடுக்க மாட்டேன். நாள்காட்டித் தாளைத்தான் முதலில் கேட்பேன், தாயிடம் மட்டுமல்ல, தந்தையிடமும். குழந்தையை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை எந்த விளையாட்டையும் சொல்வதற்கு முன்னால் செய்துகாட்டுவேன். பயிற்சி நேரத்தைக் குறிக்கும்போது அந்த நேரத்தில் அடுப்பில் நிற்பது யார் என்று கேட்பேன். பிரசவமான பெண் துணைக்கு வந்தவராக இருந்தாலும், சிரிப்பு வரும்வரை காத்திருக்காமல் கசிவைப் பற்றி நானே விசாரிப்பேன். நடையை இரண்டாம் வாரத்திலேயே சேர்ப்பேன்.

அடுத்த சந்திப்பு இரண்டு மாதம் கழித்து. மகனின் எடை இப்போது 11 கிலோ 800 கிராம். சுமை தானாகக் கூடிக்கொண்டு போவதால் மனைவியின் தூக்கல்களை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். தோப்புக்கரணத்துக்கு நான் எண்ணிக்கை குறிக்க வேண்டியதாயிற்று: பன்னிரண்டு வீதம் மூன்று தடவை. மகள் இப்போது ஐம்பது வரை பிழையில்லாமல் எண்ணுகிறாள்.